ஐம்பதுக்கு அரைக்கிலோ குறைவு

அத்தியாயம் 6

ஆறாவது பார்சல் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தியபோது மோகனப்பிரியாவுக்கு ஒன்று மட்டும் உறுதியாகிவிட்டது. தேடி வந்த பொருள் கிடைக்கிறதோ இல்லையோ, அவளுடைய டி.வி.எஸ். ஐம்பதின் பின் டயர் இன்று சாயங்காலத்தைத் தாண்டாது. அதற்கான காரணம் பின் சீட்டில், மடியில் குடையோடு உட்கார்ந்திருந்தது.

துப்பறிவாளர் நரசிம்மலு நிதானமாக இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டார். இருபத்தாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் நஷ்டக் கணக்கு சரிபார்த்தவர். இப்போது காந்திபுரத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தின் மாடியில் துப்பறிகிறார். அவருக்கு உதவியாளர், டைப்பிஸ்ட், டிரைவர் எல்லாமே மோகனப்பிரியாதான்.

"மணி என்ன அம்மணி?"

"ரெண்டே கால். அஞ்சுக்கு இன்னும் ரெண்டே முக்கால் மணி நேரம் இருக்குதுங்க சார். டயருக்கு அவ்வளவு கூட இல்லீங்க."

அஞ்சு மணி என்பது அக்பர் அலிக்கு விதித்த கெடு. காலையில் பத்து மணிக்கு மாடிப்படி ஏறி வந்த அந்த மனிதர் நாற்காலியில் உட்காரவே இல்லை, நின்றுகொண்டே சொன்னார். நீலாம்பூரில் ஆறுச்சாமியின் பம்ப் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகப் பேட்டர்ன் செய்கிறவர். பேட்டர்ன் என்றால் மண்ணில் அச்சுப் பதிக்கிற மூல உருப்படி. அது ஒன்று இருந்தால் ஒரே மாதிரி ஆயிரம் வார்ப்பு எடுக்கலாம். புது பம்ப்புக்காக எட்டு மாசம் இழைத்து இழைத்து அவர் செய்த பித்தளைப் பேட்டர்னைக் காணோம். எடை சரியாகப் பதினாலு கிலோ. போன வாரம்தான் அகமதாபாத்திலிருந்து ஒரு பார்ட்டி முதலாளிக்குப் போன் செய்து, அதை விலைக்குக் கேட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பீரோவில் இருந்தது, இன்று திங்கட்கிழமை காலையில் திறந்தால் இல்லை என்றார் முதலாளி ஆறுச்சாமி. பூட்டு உடையவில்லை. சாவி இரண்டே இரண்டு. ஒன்று முதலாளியிடம், மற்றது அக்பர் அலியிடம். நாற்பது தொழிலாளிகள் நின்ற முற்றத்தில், "எத்தனைக்கு வித்தீங்க?" என்று ஆறுச்சாமி கேட்டிருக்கிறார். சாயங்காலம் அஞ்சு மணி பெல்லுக்குள் பேட்டர்ன் வராவிட்டால் போலீஸ் ஸ்டேஷன்.

"ஸ்டேஷனுக்கு நான் பயப்படலீங்க. ஆனா திருட்டுப் பேரு வந்துட்டா, இந்த ஜில்லாவுல எந்தப் பவுண்டரியும் என்னை உள்ள விடாதுங்க. எனக்கு வேற தொழிலும் தெரியாது" என்றார் அக்பர் அலி.

பதினாலு கிலோப் பித்தளையை மடியில் வைத்துக்கொண்டு யாரும் அகமதாபாத்துக்கு ரயிலேற மாட்டார்கள், பார்சலில்தான் போட்டிருப்பார்கள் என்று நரசிம்மலு கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் ஏற்கெனவே ஐந்து பார்சல் ஆபீஸ் தீர்ந்துவிட்டது. மேட்டுப்பாளையம் ரோட்டில் இது ஆறாவது.

கவுண்டரில் கிளார்க் காளிச்சாமி இருந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதிலாக நூல். பின்னால் சோமனூர்த் துணி பேல்கள் கூரை வரை ஏறியிருந்தன.

"ஏனுங்க, அகமதாபாத்துக்கு ஒரு பெட்டி போடோணும். என்ன ஆகுமுங்க?" என்றார் நரசிம்மலு.

"எத்தனை கிலோங்க?"

"பதினாலு."

"அப்ப ஐம்பதுக்குப் போட்றலாமுங்க."

"பதினாலுன்னு சொன்னனுங்க."

"காதுல உழுந்துச்சுங்க. ஐம்பதுதான்."

மோகனப்பிரியா குறுக்கே புகுந்தாள். "உங்க தராசுல ஏதாவது பிரச்சினைங்களா?"

காளிச்சாமி பேனாவைக் கீழே வைத்தார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே கிழவனானவர் போல ஒரு மூச்சு விட்டார். "அடிப்படை வாடகைன்னு ஒண்ணு இருக்குதுங்க அம்மணி. ஊரு எத்தனை தூரம், சரக்கு எத்தனை எடை, இந்த ரெண்டையும் வெச்சு வாறது. அகமதாபாத்துக்குக் கிலோ ரெண்டே கால் ரூபா. ஆனா ஐம்பது கிலோவுக்குக் கீழ பில்லே கெடையாது. நீங்க ஒரே ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டாந்தாலும் இங்க அது ஐம்பது கிலோ எலுமிச்சம்பழம்தானுங்க. நூத்திப் பன்னண்டு ரூபா அம்பது பைசா."

"இது என்னங்க நியாயம்?"

"எலுமிச்சம்பழத்துக்கும் ஒரு ரசீது எழுதோணும், ஒரு லேபிள் ஒட்டோணும், ஏத்த எறக்க ஆள் வேணும். வண்டிக்காரன் எலுமிச்சம்பழத்தைப் பார்த்து டீசலைக் கொறச்சா ஊத்தறான்? ஐம்பதைத் தாண்டுனா பத்துப் பத்தாத் தாவும். ஐம்பத்தொண்ணுன்னா அறுபதுக்குக் காசு. இதெல்லாம் வெறும் வாடகைதானுங்க. ஏத்துகூலி, ரசீதுச் செலவு, ஊட்டுக்கே கொண்டுபோய்க் குடுக்கற காசு, அதெல்லாம் அதுக்கு மேல."

"பஞ்சு மூட்டையாட்டம் கனமே இல்லாம எடத்தை மட்டும் அடைச்சா?"

"டேப்பு வெச்சு அளந்து, அளவுக்குக் காசு வாங்குவமுங்க."

மோகனப்பிரியா கட்டைவிரலால் நரசிம்மலுவைக் காட்டினாள். "இவரை அனுப்புனா எடைக்குப் போடுவீங்களா, அளவுக்குங்களா?"

காளிச்சாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். "எதுல அதிகம் வருதோ, அதுலங்க."

நரசிம்மலு சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பதில் அவருக்குப் பிடித்துப்போனது மீசையில் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து வைத்து, வந்த விஷயத்தை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அக்பர் அலி, கெடு, அஞ்சு மணி என்று கேட்டதும் காளிச்சாமி பேரேட்டைத் தானாகவே இந்தப் பக்கம் திருப்பினார். "பவுண்டரிக்காரர் வயித்துல அடிக்கறதுங்களா? பாருங்க. வெள்ளிக்கிழமையில இருந்து அகமதாபாத்துக்கு ரெண்டே உருப்படி. ரெண்டும் குடோன்லதான் கெடக்குது. வண்டி ரொம்பாம எடுக்க மாட்டாங்க. இன்னிக்கு ஆறு மணிக்கு ஏத்தறாங்க."

முதல் வரியைப் பார்த்ததும் மோகனப்பிரியா கவுண்டர் மேல் பாதி ஏறிவிட்டாள். எடை: பதினாலு கிலோ. வாடகை: ஐம்பதுக்கு.

"சார், கெடச்சிருச்சுங்க. சரியாப் பதினாலு."

"போய்ப் பாரு" என்றார் நரசிம்மலு. அவர் குரலில் துளிக்கூட அவசரம் இல்லை.

அவள் குடோனுக்குள் ஓடினாள். துணி பேல்களுக்கு நடுவில் அந்தப் பெட்டி இருந்தது. நான்கு பக்கமும் அரக்கு முத்திரை. ஒரு மூலை பிய்ந்து, உள்ளே இருந்தது கொஞ்சம் எட்டிப் பார்த்தது. சிவப்பு நாடா கட்டிய, செல்லரித்த பைல்கள். ஏதோ ஒரு சர்க்கார் ஆபீஸ் இன்னொரு சர்க்கார் ஆபீஸுக்கு அனுப்பும் பழைய தாள். தலையில் ஒட்டடையோடு அவள் திரும்பி வந்தாள்.

"என்ன அம்மணி, ஆளைப் புடிச்சுட்டியா?"

"கவர்மெண்டைப் புடிச்சேனுங்க. விலங்கு போடட்டுங்களா?"

"பதினாலு கிலோவை அனுப்பிப்போட்டு ஐம்பது கிலோவுக்குக் காசு கட்டறது கவர்மெண்டு மட்டுந்தான். அது ஊரான் காசு. சொந்தக் காசு கட்டற நம்மூரு ஆளா இருந்தா என்ன செய்வான்?"

மோகனப்பிரியாவுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. அவளுடைய சொந்த அத்தை பஸ்ஸில் பாதி வழியில் இறங்கினால் டிக்கெட்டுக்கு மிச்சக் காசு கேட்பவள். "மிச்சம் முப்பத்தாறு கிலோவுக்கு எதையாவது ரொப்புவானுங்க. கல்லையாவது வெப்பான்."

"அப்ப நாம பதினாலைத் தேடக் கூடாது. ஐம்பதைத் தேடோணும்."

இரண்டாவது வரியில் அவர் விரலை வைத்தார். வீட்டுச் சாமான். எடை முப்பத்தைந்தரை என்று எழுதி அடித்து, பக்கத்தில் நாற்பத்தொன்பதரை என்று எழுதியிருந்தது. இரண்டு எடைச் சீட்டுகளையும் காளிச்சாமி ஊசி குத்தி வைத்திருந்தார். இரண்டும் சனிக்கிழமை. ஒன்றில் மணி பத்து நாற்பது, மற்றதில் பதினொன்று ஐந்து.

"இந்த ஆளை எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க" என்றார் காளிச்சாமி. "முப்பத்தஞ்சரைக்கு ஐம்பது கிலோக் காசுன்னு சொன்னதும் வெளிய போயி யாருக்கோ போன் போட்டாரு. அப்பறம் பெட்டியத் திரும்ப ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. கொஞ்ச நேரத்துல அதே பெட்டி, அதே ஆட்டோ. இந்தத் தடவை ஐம்பதுக்கு அரைக்கிலோ கம்மி. இருபது வருசத்துல இத்தனை சுத்தமா ஒருத்தரும் எடை கட்டிக் கொண்டாந்ததில்லீங்க."

மோகனப்பிரியா உள்ளங்கையில் பேனாவால் கழித்துப் பார்த்தாள். நாற்பத்தொன்பதரையில் முப்பத்தைந்தரை போனால் பதினாலு. இன்னொரு தடவை கழித்தாள். அப்போதும் பதினாலுதான் வந்தது.

அனுப்புநர் பெயரைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மோகன்குமார். ஆறுச்சாமியின் மச்சினன், கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன், அக்கா வீட்டிலேயே இருப்பவன். இவ்வளவையும் காலையில் அக்பர் அலி சொல்லியிருந்தார்.

"முடிஞ்சுதுங்க சார். மச்சினன் சனிக்கிழமை கம்பெனிக்குப் போயி, மாமன் சாவியத் தூக்கி, பேட்டர்னை எடுத்து..."

"எப்பப் போனான்?"

"பத்து நாப்பதுக்கு மேல."

"எப்ப வந்தான்?"

"பதினொண்ணு அஞ்..." அவள் நிறுத்தினாள். இங்கிருந்து நீலாம்பூர் பதினெட்டு கிலோமீட்டர். போக மட்டுமே ஒரு மணி நேரம் ஆகும், ரயில்வே கேட் திறந்திருந்தால்.

"இருபத்தஞ்சு நிமிசம்" என்றார் நரசிம்மலு. "அதுக்குள்ள ஆணி பிடுங்கி, சாமான வெச்சு, மறுபடி ஆணி அடிச்சிருக்கான். ரசீதுல விலாசம் என்ன போட்டிருக்குது?"

"சாயிபாபா காலனி. மொதலாளி ஊடு. அஞ்சு நிமிசம்."

"சனிக்கிழமை காலைல பேட்டர்ன் எங்க இருந்திருக்குது, சொல்லு பார்க்கலாம்."

அவள் வெளியே ஓடி வண்டியை உதைத்துக் கிளப்பினாள். டயர் முனகியது.

ஆறுச்சாமியின் வீட்டுக் கதவைத் திறந்தது அவருடைய மனைவி கருப்பாத்தாள். வந்தவர்கள் யாரென்று கேட்பதற்கு முன்பே உள்ளே காபிக்குச் சொல்லிவிட்டாள். கூடத்துச் சோபாவில் மோகன்குமார் படுத்திருந்தான். இடது கட்டைவிரலில் முட்டை அளவு கட்டு.

"சனிக்கிழமை அகமதாபாத்துக்குப் பார்சல் போட்டீங்களாமே..." என்று மோகனப்பிரியா நைசாக ஆரம்பித்தாள். திருடன் முகம் வெளிறும், கை நடுங்கும் என்று எதிர்பார்த்தாள்.

முகம் சிவந்தது கருப்பாத்தாளுக்குத்தான். "அதையேங் கேக்கறீங்க. எம்பொண்ணு லோகப்பிரியா அங்கதான் இருக்குது. பருப்புப்பொடி, நாட்டுச்சக்கரை, நல்லெண்ணெய்னு பாத்துப் பாத்துக் கட்டி அனுப்புனா, அந்தப் பார்சல்காரன் முப்பத்தஞ்சரைக்கு ஐம்பது கிலோக் காசு கேக்கறானாம். மிச்சம் பதினாலரைக்குக் காத்தையா அனுப்பறது? இவன் போன் பண்ணுனான். பெட்டியத் திருப்பிக் கொண்டாடான்னு சொல்லிப்போட்டேன்."

"நாந்தானுங்க ஆணி அடிச்சேன்" என்றான் மோகன்குமார் சோபாவிலிருந்து, விரலைத் தூக்கிக் காட்டி.

"ஆணிய அடிச்சியா, வெரல அடிச்சியா? ஆணியெல்லாம் ஆட்டோக்காரர் அடிச்சாரு."

நரசிம்மலு காபி டம்ளரைக் கையில் எடுத்தார். "மிச்சம் பதினாலரைக்கு என்னங்க வெச்சீங்க?"

"ஸ்டோர் ரூமுல அரிசி மூட்டைக்குப் பின்னால, சாக்குல சுத்தி ஒரு பித்தளை கெடந்துச்சுங்க. வட்டமா, சுழி சுழியா. கம்பெனிக் கழிவை எங்கூட்டுக்காரரு அப்பப்பக் கொண்டாந்து போட்டு வெப்பாரு. தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். லோகு மாங்காய் ஊறுகாய் போடோணும்னுச்சு, ஜாடிக்கு மேல பாரம் வெக்கறதுக்கு ஆகும்னு உள்ள திணிச்சேன். அளவாப் போயி உக்காந்துக்கிச்சு."

மோகனப்பிரியாவுக்குக் காபி தப்பான வழியில் இறங்கியது. எட்டு மாச உழைப்பு, அகமதாபாத் பார்ட்டி ஆசைப்பட்ட தொழில் ரகசியம், ஒரு மனிதனின் பதினெட்டு வருஷப் பேர், எல்லாம் சேர்ந்து ஊறுகாய் அமுக்கப் புறப்பட்டிருந்தது. அதுவும் அகமதாபாத்துக்கே.

நரசிம்மலு மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். கருப்பாத்தாள் முதலில் புரியாமல் பார்த்தாள். அக்பர் அலி என்ற பேர் வந்ததும் நிமிர்ந்தாள்.

"அவரைப் போயா? அந்தப் பித்தளைக்குக் கால் மொளச்சு எங்கூட்டுக்கு வந்துருக்காதுங்களே. பீரோச் சாவி அவருகிட்டயும் எங்கூட்டுக்காரருகிட்டயுந்தான இருக்குது?"

"ஆமாங்க."

"அக்பர் அலி எடுத்திருந்தா எங்கூட்டு அரிசி மூட்டைக்குப் பின்னாலயா வெப்பாரு?"

நரசிம்மலு காபியைக் குடித்தார். கருப்பாத்தாள் எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "டேய், வேனை எடு. வெரல் வலிச்சா பல்லுல ஓட்டு. நானும் வாரேன்."

மூன்றரை மணிக்குக் காளிச்சாமி முன்னால் பெட்டியைத் திறந்தார்கள். அனுப்பியவரே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் மோகன்குமார் கட்டுப் போட்ட விரலை நீட்டிக்கொண்டு போட்டான். நாட்டுச்சக்கரைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவே, பாத்திரம் தேய்க்கும் நார் சுற்றி, பேட்டர்ன் பத்திரமாக இருந்தது. அதை மட்டும் எடுத்து காளிச்சாமி தராசில் வைத்தார். பதினாலு.

நீலாம்பூர் போய்ச் சேரும்போது மணி நாலு ஐம்பது. ஆறுச்சாமி ஆபீஸ் அறையில் இருந்தார். கையெழுத்துப் போட்ட புகார்க் காகிதம் மேஜை மேல் இருந்தது. சுவரோரமாக அக்பர் அலி நின்றுகொண்டிருந்தார், காலையில் நின்ற மாதிரியே.

கருப்பாத்தாள் பித்தளையை மேஜை மேல் வைத்தாள். வைத்தாள் என்பதைவிடப் போட்டாள் என்று எழுதுவதே சரி. காகிதம் அதன் அடியில் மாட்டிக்கொண்டது.

ஆறுச்சாமி பித்தளையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் மச்சினனைப் பார்த்தார்.

"அவனைப் பார்க்காதீங்க" என்றாள் கருப்பாத்தாள். "எடுத்து அனுப்புனது நானு. ஊட்டுக்கு அது எப்படி வந்துச்சு, அதைச் சொல்லுங்க."

முதலாளி பித்தளையின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார். "அகமதாபாத்துக்காரன் போன் பண்ணுனதுல இருந்து மனசு கேக்கலீங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி நாந்தான் ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயி மறைச்சு வெச்சேன். சனிக்கிழமை ராத்திரி பார்த்தாக் காணோம். இவன் தனியாத் தொழில் பண்ணோணும்னு காசு கேட்டுக்கிட்டே இருந்தான். இவந்தான்னு நெனச்சுட்டேன். ஊட்டுல களவு போச்சுன்னா ஊட்டு ஆளையில்ல கேக்கோணும்..."

"அதனால அடுத்த ஊட்டு ஆளைக் கேட்டுட்டீங்களா?" என்றாள் மோகனப்பிரியா.

மோகன்குமார் விரல் வலியை மறந்து மாமனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, கெடச்சிருச்சில்ல" என்று ஆறுச்சாமி காகிதத்தை உருவி நாலாகக் கிழித்தார். "அக்பரு, மனசுல ஒண்ணும் வெச்சுக்க வேண்டாம். நாளைக்கு வழக்கம்போல வந்துருங்க."

"காலைல முத்தத்துல கேட்டீங்க மொதலாளி" என்றார் அக்பர் அலி. "இது ரூமு."

பெல் அடித்தது.

நாற்பது பேரும் கை கழுவிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்கள். போலீஸ் ஜீப்பை எதிர்பார்த்து வந்தவர்கள், முதலாளி பதினாலு கிலோப் பித்தளையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்தார்கள். பின்னால் அவர் மனைவி. அதற்கும் பின்னால் குடையோடு நரசிம்மலு.

"பேட்டர்ன் கெடச்சிருச்சு. எல்லாரும் கெளம்புங்க" என்று சொல்லி ஆறுச்சாமி பித்தளையை அக்பர் அலியிடம் நீட்டினார்.

அக்பர் அலி கையை நீட்டவில்லை. "எங்கீங்க கெடச்சுது?"

ஆறுச்சாமியின் முழங்கை கொஞ்சம் தாழ்ந்தது. உதவிக்காகப் பக்கத்தில் பார்த்தார். கருப்பாத்தாள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கூட்டுல" என்றார்.

"கேக்கலீங்க" என்றது கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கேலியாகச் சொன்னதாகத் தெரியவில்லை, உண்மையிலேயே கேட்டிருக்காது.

ஆறுச்சாமிக்கு நெற்றியில் வேர்த்தது. குரலை உயர்த்தினார். "எங்கூட்டுல. நாந்தான் கொண்டுபோயி வெச்சேன். இவரு எடுக்கல. நான் சொன்னது பொய்யி."

அப்போதுதான் அக்பர் அலி இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். முதலாளி முகத்தைப் பார்க்காமல் பேட்டர்னைத் திருப்பி, சுழி சுழியாக ஓடிய இறக்கைகளில் கட்டைவிரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். நாலாவது இறக்கையில் விரல் நின்றது.

"இங்க ஒரு கீறல் உழுந்திருக்குது" என்றார். "தேய்ச்சு எடுக்க அரை நாள் ஆகும். நாளைக்கு வந்து பண்ணித் தாரேனுங்க."